சேலம், மதுரை, வாகைக்குளம்: ஆனி மாத மேல்காற்றில் முதல் நெடுந்தூரத் தனிப்பறப்பு

பாளை மாணவி கேட்டது:

வணக்கம். பாளையங்கோட்டையைச் சேர்ந்த நான், வணிக விமானி உரிமம் பெறுவதற்காகச் சேலத்தில் பயிற்சி பெற்று வருகிறேன். அந்த உரிமத்துக்குத் தேவையான 200 மணி நேரத்துக்குள், 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு பயணத்தைப் பயிற்றுநர் உடனின்றிச் சென்று, இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் முழுமையாக நின்று தரையிறங்கியிருக்க வேண்டும் என்பது விதி. எனக்குத் தரப்பட்டுள்ள பாதை சேலத்திலிருந்து மதுரை, அங்கிருந்து தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம், பிறகு நேராகச் சேலம். மொத்தம் ஏறத்தாழ 368 கடல் மைல். விமானம் செஸ்னா 172எஸ்.

தரையிறங்குவது எனக்கு அச்சமில்லை. மதுரைக்குத் தெற்கே, மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று எப்படியிருக்கும் என்பது சிறு வயதிலிருந்தே தெரிந்ததாலோ என்னவோ, அந்தக் கட்டத்தில் வழி தவறிவிடுவேனோ என்பதுதான் கவலையாக இருக்கிறது. கருவியில் ஜிபிஎஸ் இருந்தாலும், வரைபடமும் கடிகாரமும் கொண்டே செல்லப் பழக வேண்டும் என்று பயிற்றுநர் சொல்லியிருக்கிறார். அம்மாவும் அத்தையும் வாகைக்குளத்துக்கு வந்து காத்திருக்கப் போகிறார்கள். இந்தப் பகுதியில் பறந்தவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோவில்பட்டிக்காரன்:

நானும் பயிற்சியில் இருப்பவன்தான். மதுரையிலிருந்து நான்குவழிச் சாலையையும் அதை ஒட்டிச் செல்லும் இருப்புப் பாதையையும் பிடித்துக்கொண்டால் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று ஊர்கள் வரிசையாக வந்துவிடும். வழி தவற வாய்ப்பே இல்லை.

அம்பை விமானி:

தங்கைக்கு வாழ்த்துகள். மேலே தம்பி சொன்ன வழி காரில் செல்பவருக்குச் சரியானது. அந்தச் சாலை கயத்தாறு வழியாகத் திருநெல்வேலிக்குத்தான் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வாகைக்குளமோ அதற்குக் கிழக்கே இருக்கிறது. மதுரையிலிருந்து நேர்கோடு போட்டுப் பாருங்கள்: கோடு அருப்புக்கோட்டை மேலேயே செல்லும், எட்டயபுரம் சற்று வலப்புறம் வரும். இருப்புப் பாதையைப் பார்க்க விரும்பினால், தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் தண்டவாளம் பிரியும் வாஞ்சி மணியாச்சியை வலப்பக்கத்தில் தேடுங்கள். அது தெரிந்தால் விமான நிலையம் முன்னே இடப்புறத்தில், ஏழெட்டு நிமிடத் தொலைவில் இருக்கிறது என்று பொருள்.

இனி காற்று. இந்தக் கட்டம் 67 கடல் மைல், ஏறக்குறைய நேர் தெற்கு. 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் பறக்கும்போது மேற்கிலிருந்து 25 நாட் காற்று வீசினால், விமானத்தின் மூக்கைச் சுமார் 14 பாகை வலப்புறம் திருப்பி வைத்தால்தான் கோட்டில் நிற்பீர்கள். திருத்தாமல் தெற்கு நோக்கியே பறந்தால், நாற்பது நிமிட முடிவில் 17 கடல் மைல் கிழக்கே ஒதுக்கப்பட்டு, மன்னார் வளைகுடாவின் மேல் இருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று உப்பளங்கள் நேர் கீழே தெரிந்தால் அதுவே எச்சரிக்கை. ஆனால் ஓடுதளம் ஏறக்குறைய கிழமேற்காகக் கிடப்பதால், வழியெல்லாம் தொல்லை தந்த இதே காற்று தரையிறங்கும்போது எதிர்க்காற்றாகி உதவும். நம் ஊர்க் காற்றுக்கு அந்த அளவு நன்றியுணர்வு உண்டு.

காற்றின் திசையை அறிய இங்கே ஒரு வசதி இருக்கிறது. கோவில்பட்டி, கயத்தாறு பக்கம் நிற்கும் காற்றாலைகள் எப்போதும் காற்று வரும் திசையை நோக்கியே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்; அவை மேற்கு பார்த்து நின்றால் உங்கள் கணக்கு சரி, தென்மேற்கே திரும்பியிருந்தால் நேரமும் சற்றுக் கூடும். குளங்களை மட்டும் நம்பாதீர்கள். வரைபடத்தில் நீலமாக இருப்பது ஆனி மாதத்தில் பெரும்பாலும் உடைமரம் நிற்கும் வறண்ட தரையாக இருக்கும். கயத்தாற்றில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. மிகையாக வலப்புறம் திருத்திவிட்டவர் அதைக் கண்டு ஏமாறலாம் என்பதால், ஓடுதளம் தெரிந்தவுடன் மகிழாமல் திசைகாட்டியையும் கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது காற்றன்று, கடைசியில் எழுதியிருக்கும் அம்மாவும் அத்தையும். மதுரையிலிருந்தே சேலம் திரும்பினால் 234 கடல் மைல்தான் ஆகும். பயணம் கணக்கில் சேராது, மறுபடி பறக்க வேண்டும். அத்துடன் வேலிக்கு வெளியே வீட்டார் காத்திருக்கிறார்கள். தூசி மண்டலம் எழுந்து பார்வைத் தூரம் குறையும்போது, 'இன்னும் இருபது நிமிடம்தானே' என்று ஒரு குரல் உள்ளே கேட்கும். எந்த நேரத்துக்கு மேல், எவ்வளவு காற்றுக்கு மேல், எவ்வளவு எரிபொருளுக்குக் கீழ் திரும்பிவிடுவீர்கள் என்பதைத் தரையில் இருக்கும்போதே எழுதி, முழங்காலில் கட்டும் பலகையில் மாட்டிவிடுங்கள். வானத்தில் அந்த முடிவை எடுக்க முயன்றால் அம்மாவின் முகம்தான் முடிவெடுக்கும்.

கோபுரத்து அண்ணாச்சி:

பல ஆண்டுகள் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பறப்புத் திட்டம் கொடுத்துவிட்டால் போதும் என்று சில மாணவர்கள் நினைக்கிறார்கள். வான்பாதுகாப்பு அனுமதி எண்ணையும் பறப்புத் தகவல் மையம் தரும் எஃப்ஐசி எண்ணையும் ஒவ்வொரு கட்டத்துக்கும் கையில் எழுதி வைத்திருங்கள். மதுரையில் புறப்பாடு தாமதமானால் அந்த அனுமதி இன்னும் செல்லுமா என்று கேட்டறிந்த பிறகே இயந்திரத்தை முடுக்குங்கள். பயணிகள் விமானம் வரும் நேரமென்றால் உங்களை வெளியே வட்டமிடச் சொல்வார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல், அதற்கான எரிபொருளையும் கணக்கில் சேருங்கள். 172எஸ் தொட்டிகளில் பயன்படுத்தக்கூடியது சுமார் 200 லிட்டர். மணிக்கு 35 லிட்டர் என்று வைத்தாலும் உங்கள் முழுப் பயணத்துக்கு ஏறத்தாழ 130 லிட்டர் போகும். ஆகவே கைவசம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. வழியில் அவ்காஸ் (விமான பெட்ரோல்) கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு புறப்படாமல், முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

இடம் தெரியவில்லை என்றால் உடனே சொல்லிவிடுங்கள். பத்து நிமிடம் கழித்துச் சொல்பவரைக் கண்டுபிடிப்பதுதான் எங்களுக்குக் கடினம். ஓடுதளம் கண்ணில் படவில்லை என்பதற்காகத் தெற்கே தேடிச் செல்லவும் வேண்டாம். அந்தப் பக்கம் கூடங்குளம் அணுமின் நிலையமும், மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகமும், விஜயநாராயணத்தில் 400 மீட்டரைத் தாண்டிய கடற்படை வானொலிக் கம்பங்களும் இருக்கின்றன. தாமிரபரணியைக் கடந்துவிட்டீர்கள் என்றால் விமான நிலையத்தையும் கடந்துவிட்டீர்கள், திரும்பிவிடுங்கள்.

பாளை மாணவி:

அண்ணாச்சி இருவருக்கும், கோவில்பட்டித் தம்பிக்கும் நன்றி. நேற்றிரவு கணக்கை மீண்டும் போட்டேன். மதுரையை நேர் மேலே கடக்காமல் தரையிறங்கிப் புறப்படுவதால், ஏறும் நேரத்தையும் சேர்த்து அருப்புக்கோட்டைக்கு ஒரு நேரம், எட்டயபுரத்துக்கு இணையாக ஒரு நேரம் என்று குறித்திருக்கிறேன். அருப்புக்கோட்டையிலேயே மூன்று நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் காற்றைத் திரும்பக் கணக்கிடுவேன். காலை 10.30 மணிக்குள் மதுரையிலிருந்து கிளம்ப முடியாவிட்டால் சேலம் திரும்புவது என்று எழுதிப் பயிற்றுநரிடம் காட்டினேன்; அவர் 10 மணி என்று திருத்திக் கையெழுத்திட்டார்.

அப்படி நேர்ந்தால் தொலைபேசியில் சொல்லிவிடுவேன், வாகைக்குளத்தில் வெயிலில் நிற்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் சரி என்றார். ஆனாலும் குடையை எடுத்து வைத்துவிட்டதாக அத்தை சொல்கிறார்.