தென்னந்தோப்பில் கூன்வண்டுப் பொறி: வைத்திருக்கலாமா, கழற்றிவிடலாமா?

கடைமடைத் தென்னை:
பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பு. 2018 கஜா புயலில் பழைய மரமெல்லாம் சாய்ந்த பிறகு வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. தென்னையைப் புழுவாக உள்ளே குடைந்து தின்கிற கூன்வண்டு வருகிறது என்று கடையில் வாளிப் பொறியும், வண்டை வாசனையால் இழுக்கும் லூரும் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னபடி மரத்திலேயே கட்டினேன். வாரா வாரம் வண்டு விழத்தான் செய்கிறது. ஆனால் பொறி கட்டிய மரமும் அதற்கு அடுத்த மரமும்தான் முதலில் குருத்து சாய்ந்து போயின. பொறி இல்லாத கோடியில் ஒரு மரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பொறி என் தோப்பு வண்டைப் பிடிக்கிறதா, ஊர் வண்டையும் சேர்த்து இழுத்து வருகிறதா? எல்லாவற்றையும் கழற்றி எறியலாம் என்று இருக்கிறேன்.

ஆனைமலைத் தோப்பு:
அண்ணே, கழற்ற வேண்டாம், இடத்தை மாற்றுங்கள்.

முதலில் வாளியில் விழுவது எது என்று பாருங்கள். சிவப்புக் கூன்வண்டு செம்பழுப்பாக, ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். முன்னால் வளைந்த நீள மூக்கு, முதுகின் முன்பகுதியில் கறுப்புப் புள்ளிகள். மூக்கின் மேல் முடிக்கற்றை இருந்தால் ஆண், வழவழப்பாக இருந்தால் பெண். காண்டாமிருக வண்டு கறுப்பு, தலையில் கொம்பு இருக்கும். அதற்கு லூர் வேறு. விரிந்த ஓலையில் கத்தரித்த மாதிரி முக்கோண வெட்டு தெரிந்தால் அது காண்டாமிருக வண்டின் வேலை.

கூன்வண்டு லூரில் இருப்பது ஆண் வண்டு விடும் வாசனை. ஆண், பெண் இரண்டும் அதற்கு வரும், விழுவதில் பெண்தான் அதிகம். ஒரு பெண் 200 முட்டைக்கு மேல் இடக்கூடியது. அதனால் விழுகிற ஒவ்வொன்றும் லாபம்தான். ஆனால் வருகிற எல்லாமே வாளிக்குள் விழாது. சில பக்கத்து மரத்தில் உட்காரும், அங்கே காயம் இருந்தால் முட்டை இடும். பொறியை மரத்திலேயே கட்டினால் அந்த மரத்துக்குத்தான் ஆபத்து. வரப்போரம் ஒரு கம்பு நட்டு, இளமரங்களை விட்டுத் தள்ளி, இடுப்புயரத்தில் மாட்டுங்கள்.

வாளிக்கு வெளியே சணல் சாக்கு சுற்றியிருக்கிறதா? வழுக்கும் பிளாஸ்டிக்கில் வண்டுக்குப் பிடிப்பு கிடைக்காது. உள்ளே தண்ணீரும் கரும்புத் துண்டும் வேண்டும். லூர் மட்டும் தொங்கினால் வரவு குறையும். தண்ணீர் வற்றினால் விழுந்த வண்டு ஏறிப் பறந்துவிடும்.

கீழத்தோப்பு:
இடம் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. கூன்வண்டு பிறப்பது மரத்துக்குள்ளே. வெளியே பறப்பதைப் பிடித்துக்கொண்டே இருந்தால், உள்ளே தின்கிற புழுவுக்கு என்ன ஆகும்? பொறி மாட்டியவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார், மரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

தண்டில் சின்ன ஓட்டை, அதிலிருந்து செம்பழுப்பாகப் பிசின் வடிவது, மென்று துப்பிய நார் வெளியே தள்ளிக்கொண்டிருப்பது. இவற்றைப் பார்த்த அன்றே மரத்தைக் கவனித்தால் காப்பாற்ற வழியுண்டு. தண்டில் காதை வைத்தால் உள்ளே அரைக்கிற சத்தம் கேட்கும். அமைதியான நேரத்தில் எனக்கே கேட்டிருக்கிறது. குருத்து சாய்ந்த பிறகு எந்த மருந்தும் வேலை செய்யாது.

அதைவிட முக்கியம், காயமே ஆகாமல் பார்ப்பது. பச்சை மட்டையைத் தண்டை ஒட்டி வெட்டுகிறார்கள். அந்த வெட்டுவாய்தான் வண்டுக்கு வாசல். வெட்டியே ஆக வேண்டும் என்றால் தண்டிலிருந்து நான்கு அடி விட்டு வெட்டச் சொல்கிறார்கள். காண்டாமிருக வண்டு குடைந்த ஓட்டையும் இதற்கு வாசல்தான். குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளும் இரண்டு பங்கு மணலும் கலந்து போடுங்கள், எருக்குழியைக் கிளறிக் காண்டாமிருக வண்டின் புழுவைப் பொறுக்குங்கள். பொறிக்குச் செலவழிக்கிற பணத்தை இதற்குச் செலவழிக்கலாம்.

கடைமடைத் தென்னை:
கீழத்தோப்பு ஐயா, நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் ஆள்? மரம் ஏறுகிறவர் கிடைப்பதே அபூர்வம். வந்தவர் அவசரத்தில் மட்டையை ஒட்டத்தான் வெட்டுவார். நான்கு அடி விடச் சொன்னால் அடுத்த முறை வரமாட்டார். பக்கத்துத் தோப்பில் கொண்டை விழுந்த மரம் நின்றபடியே இருக்கிறது. உரிமையாளர் வெளியூர். நான் என் மரத்தில் காதை வைத்து என்ன பயன்?

அல் அஹ்ஸா பேரீச்சை:
நான் சவூதியில் பேரீச்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். இதே கூன்வண்டு பேரீச்சையையும் விடாது. அதன் சொந்த இடம் நம் பக்கம்தான். வளைகுடாவுக்கு 1980களின் நடுவில் வந்து சேர்ந்தது. மரக்கன்றுகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோனதில்தான் இவ்வளவு பரவியது. பொறி பயனில்லை என்று சொல்லாதீர்கள். ஸ்பெயினின் கேனரி தீவுகளில் 2005இல் நுழைந்த வண்டை 2016இல் ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். பொறி, மரச் சோதனை, தாக்கிய மரத்தை அழிப்பது, கன்று கொண்டுவரத் தடை, நான்கும் சேர்ந்து நடந்தன. தனி ஆள் தோட்டத்தில் இரண்டு வாளி மாட்டியதில் அது நடக்கவில்லை.

கீழத்தோப்பு:
தம்பி, அந்தக் கணக்கு இங்கே செல்லாது. அங்கே வெளியிலிருந்து வந்த வண்டு, சுற்றிலும் கடல், அரசே முன்நின்று செய்தது. இங்கே வண்டு காலங்காலமாக இருக்கிறது, வீட்டுக்கு வீடு தென்னை. ஒழிப்பது என்ற பேச்சே இல்லை, குறைத்து வைப்பதுதான்.

ஆனைமலைத் தோப்பு:
குறைக்கத்தானே நானும் பொறியைச் சொல்கிறேன்! இன்னொரு பயனும் இருக்கிறது. இந்த வாரம் திடீரென்று அதிகமாக விழுந்தால், எங்கோ பக்கத்தில் ஒரு மரத்திலிருந்து வண்டு வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடிப் போகலாம். காது வைக்க எல்லா மரத்துக்கும் போக முடியாது, எந்தப் பக்கம் போவது என்று வாளி சொல்லும்.

கீழத்தோப்பு:
அதை ஏற்கிறேன். வேவு பார்க்க ஒன்று வையுங்கள். ஆனால் வரப்போரம் என்று சொல்லிப் பக்கத்துக்காரர் இளங்கன்று ஓரத்தில் மாட்டினால் அவர் தலையில் கட்டுவதுதானே? அதற்கு என்ன பதில்?

ஆனைமலைத் தோப்பு:
அவரிடம் கேட்டுத்தான் மாட்ட வேண்டும். மோட்டார் கொட்டகைப் பக்கம், களம், மரம் இல்லாத மேடு, இப்படி ஏதாவது இடம் பார்க்கலாம்.

கடைமடைத் தென்னை:
களம் இருக்கிறது, அங்கே மாற்றுகிறேன். வெளியூர்க்காரருக்குப் போன் போட்டேன். மரத்தை வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார், கூலி என்னுடையது. வெட்டி வரப்பில் போட்டால் போதுமா?

கீழத்தோப்பு:
போதாது! உள்ளே நாரைச் சுற்றிக்கொண்டு கூண்டுக்குள் கூட்டுப்புழு இருக்கும். போட்ட இடத்திலேயே வண்டாகி வெளியே வரும். கொண்டையையும் தண்டின் மேல் பகுதியையும் நெடுகப் பிளந்து, கூண்டைப் பிரித்து, அன்றைக்கே எரித்துவிடுங்கள். கஜாவுக்குப் பிறகு நம் பக்கம் விழுந்த மரங்களை அப்படியே போட்டுவைத்தோம். அதில் காண்டாமிருக வண்டு பெருகி, அது குடைந்த ஓட்டை வழியாகத்தான் கூன்வண்டும் ஏறியது.