மரத்தரையில் 'கப்பிங்', 'கிரவுனிங்': தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுப் பராமரிப்புக் கலைச்சொல் பட்டியலில் மரத்தரைப் பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. வன்மரம், அடித்தட்டு (பலகைகளை அடிக்கும் கீழ்த்தளம்), நாக்கு (பலகை ஓரத்தில் நீண்டிருக்கும் பகுதி), காடி (அந்த நாக்கு நுழையும் பள்ளம்) ஆகியவற்றுக்கு மறுப்பு எதுவும் வரவில்லை. இரண்டு சொற்கள் மட்டும் நிற்கின்றன. பலகையின் நீளவாக்கு ஓரங்கள் இரண்டும் உயர்ந்து நடு தாழ்ந்திருப்பது கப்பிங். நடு உயர்ந்து ஓரங்கள் தாழ்ந்திருப்பது கிரவுனிங். குழி லென்சு, குவி லென்சு என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அந்த வழியில் 'குழிவு', 'குவிவு' என்று வைத்துவிடலாமா?

────────

> 'குழிவு', 'குவிவு' என்று வைத்துவிடலாமா?

வணக்கம் ஐயா. ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஓக் பலகைத் தரைகள் அதிகம், இந்தக் கோளாறும் அதிகம். 'குழிவு' என்று படிப்பவர் நடுப்பகுதி அமுங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். நடு அமுங்குவதில்லை, ஓரங்கள்தான் எழும்புகின்றன. இந்த வேறுபாடு தெரியாமல் செலவழித்துத் தரையைக் கெடுத்தவர்கள் பலர். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

மரம் நீளவாக்கில் அநேகமாக நீளாது, அகலவாக்கில்தான் ஊதும். வழமையாக அறுத்த செவ்வோக் பலகையில் ஈரம் ஒவ்வொரு விழுக்காடு கூடும்போதும் அகலம் 0.00369 பங்கு கூடுகிறது. 127 மில்லிமீற்றர் அகலப் பலகையில் ஈரம் 4 விழுக்காடு ஏறினால் 127 × 0.00369 × 4, கிட்டத்தட்ட 1.9 மி.மீ. ஆண்டு வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகையென்றால் இது 0.8 மி.மீ. தான். இந்த ஊதல் அடிமுகத்தில் மட்டும் நடந்து மேல்முகம் காய்ந்தபடியே இருந்தால், அடி அகன்று ஓரங்களை மேலே தள்ளுகிறது. தரைக்குக் கீழே மண் திறந்து கிடப்பது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குழாய் கசிவது, ஈரம் காயாத அடித்தட்டில் ஆணி அடிப்பது, இவைதான் வழமையான காரணங்கள்.

இனி அந்தத் தவறு. ஓரம் எழுந்ததைப் பார்த்ததும் தேய்க்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து ஓரங்களைச் சீவித் தரையை மட்டமாக்கிவிடுகிறார்கள். அன்றைக்குப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அடி இன்னும் ஈரமாகவே இருக்கிறது. குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி ஓடத் தொடங்க, அடி காய்ந்து சுருங்கி, பலகை தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. சீவப்பட்ட ஓரங்கள் பள்ளமாகி நடு மேடாக நிற்கிறது. கிரவுனிங் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது. 19 மி.மீ. பலகையில் நாக்குக்கு மேலே தேய்க்கக் கிடைப்பது ஏறத்தாழ 6 மி.மீ. ஒரு முழுத் தேய்ப்பில் முக்கால் மி.மீ. அளவு போய்விடும். அதை இப்படி வீணாக்கலாமா?

செய்யவேண்டியது: கசிவை அடைத்து, ஈரமானியின் ஊசியை மேலாகவும் ஆழமாகவும் இறக்கி இரண்டு அளவும் நெருங்கி வரும்வரை காத்திருப்பது. சில வீடுகளில் ஒரு முழுக் குளிர்காலம் பிடிக்கும். பல பலகைகள் தாமாகவே படிந்துவிடும், தேய்க்கும் தேவையே வராது.

ஆகவே 'விளிம்பெழல்', 'நடுவெழல்' என்பது என் முன்மொழிவு.

────────

> 'விளிம்பெழல்', 'நடுவெழல்'

'எழல்' நல்ல தேர்வு. ஆனால் காரணத்தையே பெயரில் வைத்தால் என்ன? 'அடியீர வளைவு' என்றால் படித்தவுடனே எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்துவிடுமே.

────────

> 'அடியீர வளைவு' என்றால்

அது எல்லா இடத்திலும் பொருந்தாது அம்மா. அடியில் ஈரமே ஏறாமல், குளிர்காலக் காற்றில் மேல்முகம் மட்டும் அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் ஓரங்கள் எழும்பும். அங்கே வேண்டியது ஈரப்பதமூட்டி. பெயரை நம்பிக் கசிவு தேடுபவர் நல்ல தரையைப் பிரித்துப்போடுவார். பெயர் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லட்டும், காரணத்தை ஈரமானி சொல்லும்.

────────

> பெயர் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லட்டும்

இதை முழுமனதாக ஏற்கிறேன். ஒரே ஒரு திருத்தம். பேச்சில் யாரும் 'விளிம்பு' என்று சொல்வதில்லை, 'ஓரம் தூக்கிக்கிட்டு நிக்குது' என்றுதான் சொல்வார்கள். அதனால் 'ஓரந்தூக்கல்' என்று முதலில் நினைத்தேன். ஆனால் 'தூக்கல்' என்றதும் யாரோ தூக்கியதுபோல் ஆகிறது, உப்பு தூக்கல் என்கிற பொருளும் குறுக்கே வருகிறது. 'ஓரமெழல்' இரண்டு சங்கடமும் இல்லாத சொல். ஓரமெழல், நடுவெழல் என்று இணையாகவும் நிற்கிறது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு குறிப்பும் சேர்க்கவேண்டும். இங்கே மரத்தரை போடுவது பெரும்பாலும் கான்கிரீட் தளத்தின்மேல். தேக்கு ஓக்கைவிட அடக்கமான மரம். மேலே சொன்ன அதே 127 மி.மீ., அதே 4 விழுக்காட்டுக்கு 1 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஊதும். அதற்காக ஈரத் தளத்தில் போடலாம் என்றில்லை. 45 செ.மீ. சதுரப் பாலித்தீன் தாளை நான்கு புறமும் டேப் ஒட்டித் தளத்தில் 16 மணி நேரமாவது விட்டுவைக்கவேண்டும். பிரித்துப் பார்க்கும்போது தாளின் உட்புறம் வியர்த்திருந்தாலோ தாள் இருந்த இடம் கறுத்திருந்தாலோ வேலையைத் தொடங்கக்கூடாது. வியர்க்கவில்லை என்பதாலேயே தளம் காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டவும் கூடாது, முறையான ஈர அளவீடு வேண்டும்.

────────

அன்பர்களுக்கு,

மேலே ஒப்புக்கொண்டபடி பட்டியலில் ஏற்றிவிட்டேன்.

ஓரமெழல்: மேல்முகத்தைவிட அடிமுகத்தில் ஈரம் மிகுவதால் பலகையின் நீளவாக்கு ஓரங்கள் நடுவைவிட உயர்வது. இரும்பு அளவுகோலைப் பலகையின் குறுக்கே வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும்.

நடுவெழல்: நடு ஓரங்களைவிட உயர்வது. அளவுகோல் நடுவில் தங்கி இருபுறமும் ஆடும். மேல்முகத்தில் நீர் தேங்குவதாலும், ஓரமெழுந்த தரையை அடி காய்வதற்கு முன் தேய்ப்பதாலும் வரும்.

பலகை அடித்தட்டைவிட்டே கழன்று கூரைபோல் எழும்புவது இவை இரண்டிலும் சேராது. அதற்குப் 'பெயர்ந்தெழல்' என்று தனிப் பதிவு போட்டிருக்கிறேன். சுவரோரம் விடவேண்டிய 19 மி.மீ. இடைவெளியை விடாததும், அதைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுவதும் அதன் முக்கியக் காரணங்கள் என்று விளக்கத்தில் சேர்த்தேன்.

அடுத்தது 'அக்ளிமேஷன்'. 'பலகையைப் பழக்குதல்' என்று இப்போது எழுதிவருகிறோம். அப்படி எழுதினால் வாசகர் உடனே 'எத்தனை நாள்?' என்று கேட்பார். பெட்டியைப் பிரிக்காமல் மூன்று நாள் அறையில் கிடத்திவிட்டுப் போதும் என்று ஆணி அடிப்பதும் அதனால்தான். பெட்டியைப் பிரித்து, அடுக்குக்கு அடுக்கு குச்சி வைத்துக் காற்றோட்டம் விட்டு, பலகைக்கும் அடித்தட்டுக்கும் ஈர வேறுபாடு 75 மி.மீ.க்குக் குறைந்த அகலப் பலகையில் 4 விழுக்காட்டுக்குள்ளும், அதற்கு மேற்பட்ட அகலத்தில் 2 விழுக்காட்டுக்குள்ளும் வரும்வரை வைத்திருப்பதுதான் வேலை. சொல்லில் 'ஈரம்' இருந்தாகவேண்டும் என்று படுகிறது. 'ஈரமிணக்கல்' என்று வைக்கிறேன், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.