கத்தரிக்காய் மோஜுவுக்கு எந்த வினாகிரியும் சரியாம்!

மட்டுவில் அக்கா: "மோஜுவுக்கு எந்த வினாகிரியும் சரி, புளிப்பு ஒண்டுதானே" எண்டு இங்க ஒருத்தர் எழுதியிருக்கிறார். வாசிச்சுப்போட்டுப் பேசாமல் இருக்கேலாது. மோஜு எண்டால் பொரிச்ச கத்தரிக்காயை வினாகிரியில ஊறவைக்கிற இலங்கை அச்சாறு. அரைக் கிலோ கத்தரிக்காயை விரல் நீளத்துக்கு வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டி, ஊறின தண்ணியைப் பிழிஞ்சுபோட்டு, நல்லாக் கொதிச்ச எண்ணெயில கருஞ்சிவப்பாப் பொரிக்கவேணும். எண்ணெய் சூடு காணாட்டில் காய் எண்ணெயைக் குடிச்சிடும், பிறகு வினாகிரி உள்ள இறங்காது. சின்ன வெங்காயம் 150 கிராம், பச்சை மிளகாய் 8, ரெண்டையும் தனித்தனியாப் பொரிக்கிறது. கடுகு ஒரு மேசைக்கரண்டி, உள்ளி 4 பல்லு, இஞ்சி ஒரு துண்டு, எல்லாத்தையும் 60 மில்லி வினாகிரி விட்டு அரைக்கிறது. அந்த 60 மில்லியும் தென்னங்கள்ளு வினாகிரியா இருக்கவேணும். வெள்ளை வினாகிரி தொண்டையைக் கீறும். அதை அமத்தச் சீனியை அள்ளிக் கொட்டினால் அது மோஜு இல்லை, சீனிப்பாகு.

கோவை அடுப்படி: அதை எழுதினது நான்தான் அக்கா. கணக்கைப் பாருங்க. இந்திய உணவு விதிப்படி புளிக்கவைத்த வினிகரானாலும் செயற்கை வினிகரானாலும் குறைந்தது 3.75 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கணும். கடையில் கிடைக்கிறது பெரும்பாலும் 4 சதவீதம். 60 மில்லியில் 2.4 கிராம். தென்னையிலிருந்து வந்தாலும் அதே 2.4 கிராம்தான்.

மட்டுவில் அக்கா: நான் கேட்டது அமிலத்தின்ட நிறையையே? கள்ளில முதல் ஈஸ்ட் சீனியை மதுசாரமாக்குது, பிறகு பக்டீரியா மதுசாரத்தைப் புளிப்பாக்குது. அந்த ரெண்டு வேலையிலயும் வேற அமிலங்களும் எஸ்டர் வாசங்களும் சேருது. செயற்கை வினாகிரி அமிலத்துக்குத் தண்ணி கலந்தது. சிலதுக்குக் கரமல் நிறமும் போட்டு விக்கினம். நிறத்தைப் பாத்து வாங்கிப்போட்டு "ஒண்டுதானே" எண்டு சொல்லுறதுக்கு வந்திடுவினம்.

வெள்ளவத்தையான்: வினாகிரியச் சீனியோட ரெண்டு நிமிசம் கொதிக்கவிட்டு ஊத்துங்க. புளிப்புப் பறந்திடும், எந்தப் போத்தலெண்டாலும் பிரச்சினை இல்ல.

மட்டுவில் அக்கா: தம்பி, புளிப்புப் பறக்காது. அசிட்டிக் அமிலம் கொதிக்கிறது 118 பாகையில. ஆவியாப் போறதில தண்ணிதான் கூட, அதால மிஞ்சிறது இன்னும் கொஞ்சம் புளிக்கும். பறக்கிறது வாசம். காசு குடுத்து வாங்கின வாசத்தை அடுப்பில விட்டுப்போட்டு என்னத்தை ஊத்தப் போறீர்?

கோவை அடுப்படி: அப்போ கொதிக்க வைக்கிறவங்களுக்கு வெள்ளை வினிகரே போதும்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

மட்டுவில் அக்கா: நான் ஒண்டும் ஒத்துக்கொள்ளேல்லை. கொதிக்க வைக்கிறதே பிழை எண்டு சொன்னன். வாசிச்சு விளங்கிப்போட்டு எழுதுங்கோ.

தஞ்சை மிளகாய்: கடுகை வினிகரில் அரைக்கிறதுதான் முதல் தப்பு. கடுகுக் காரம் நொதியால் வருது. அதுக்குத் தண்ணீர் வேணும், அமிலம் அதை முடக்கிடும். ரெண்டு கரண்டி தண்ணீரில் அரைச்சு, 10 நிமிஷம் கழிச்சு வினிகர் ஊத்தணும். அப்பத்தான் வந்த காரம் நிக்கும்.

மட்டுவில் அக்கா: மூக்கில ஏறுற காரம் ஆருக்கு வேணும்? மோஜுவில கடுகு பின்னாலதான் நிக்கவேணும். அதுக்குத்தான் வினாகிரியில அரைக்கிறது. போன மாசம் மாங்காய் அச்சாறுக்கும் இதே கடுகுக் கதையோட வந்தனீங்கள்.

தஞ்சை மிளகாய்: அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.

கோவை அடுப்படி: கடுகை விடுங்க. தெருவில் விக்கிற கள்ளு வினிகரில் 4 சதவீதம் இருக்குன்னு யார் பார்த்தது? 100 மில்லி எடுத்து, சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க. சுமார் 5.6 கிராம் வரை நுரைச்சா 4 சதவீதம். 4 கிராமிலேயே நுரை நின்னா 3-க்கும் கீழே. அதுல போட்ட மோஜுவை வெளியில் வச்சா பூசணம்தான். 4 சதவீதம்னா 4 சதவீதம்.

வெள்ளவத்தையான்: "தேங்காய் வினாகிரி" எண்டு எழுதினதெல்லாம் கள்ளு வினாகிரியும் இல்ல. தேங்காய்த் தண்ணியில சீனி கலந்து புளிக்கவச்சதும் அதே பேரிலதான் வருது.

மட்டுவில் அக்கா: அதைத்தான் முதலே தென்னங்கள்ளு எண்டு எழுதினன், தேங்காய் எண்டு எழுதேல்லை. கோவைத் தம்பி, சோடா நிறுக்கிற நேரத்தில ரெண்டு வினாகிரியிலயும் ஒவ்வொரு சின்னக் கிண்ணம் மோஜு கலந்து, கண்ணாடிப் போத்தலில ஒரு நாள் ஊறவிட்டு வாயில வையுங்கோ. அலுமினியச் சட்டியில கலக்கவேண்டாம், புளிப்பு அதை அரிச்சு உலோக ருசி வரும். பிறகு அதுக்கும் கள்ளிலதான் பழி போடுவீங்கள்.

கோவை அடுப்படி: வச்சுப் பார்க்கிறேன். ஆனா அந்தக் கிண்ணத்திலும் 4 சதவீதம்தான் இருக்கும்.