ஓபன் போர்ஸுக்கு (முகத்தில் பெரிதாகத் தெரியும் தோல் துளைகளுக்கு) வீட்டிலேயே வைத்தியம் பார்த்து மாட்டிக்கொண்ட கதைகள்

சில்வண்டு:
தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது செய்தது. மூக்கோரம் எனக்குக் கமலா ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கும். எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும், எல்லாரும் சொல்வதுதான். தேய்த்து, அவசரமாகக் கழுவிவிட்டு, பூ சொல்லிவர உச்சி வெயிலில் ஸ்கூட்டியில் போனேன். மறுநாள் எரிச்சல். நிச்சயத்தன்று காலையில், சாறு தாடை வரை வழிந்த தடம் அப்படியே பழுப்புக் கோடாக நிற்கிறது. மண்டபத்தில் போட்டோ எடுத்த தம்பி, "அக்கா, கன்னத்துல ஏதோ வழிஞ்சிருக்கு, தொடைச்சிட்டு வாங்க" என்றான். எல்லார் முன்னாலும் துடைத்தேன் வேறு. கோடு மங்க மூன்று மாதம் ஆனது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் இப்படிச் சுட்டுவிடும் என்று தோல் டாக்டர் சொன்னார்.

நெல்லைக்காரி:
எலுமிச்சையைக் குறை சொல்லாதீங்க. எங்க ஆச்சி தயிரில் நாலு சொட்டு விட்டுத்தான் பூசுவாங்க, நானும் பூசியிருக்கேன், ஒன்றும் ஆகவில்லை. சர்க்கரை போட்டு அரக்கியது உங்கள் தப்பு. பயத்தமாவைத் துணியில் சலித்து, பன்னீர் விட்டுக் குழைத்து, கீழிருந்து மேலாகப் பூசுங்கள். முல்தானி மட்டி என்றால் முழுக்கக் காயவிடாதீங்க, ஈரம் இருக்கும்போதே கழுவணும். முட்டை வெள்ளைக்கரு பூசினாலும் இறுகும். தலையணை உறையை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். வடை, பஜ்ஜியைக் குறையுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் படுங்கள். ஃபோனையும் தள்ளி வையுங்கள்.

ரூம் நம்பர் 14:
ஆச்சி பூசிக்கொண்டு ஸ்கூட்டியில் போகவில்லையே அக்கா, நிழலில்தானே இருந்தார்கள். வெள்ளைக்கருவும் காய்ந்திருக்கும் வரைதான் இறுக்கம், கழுவினால் போச்சு.
என் கதை கரி மாஸ்க். ஹாஸ்டலில் ரூம்மேட்டும் நானும் போட்டோம். காய்ந்தபின் ஒரே இழுப்பு. கண்ணில் தண்ணீர், பாதி மீசை அதோடு வந்துவிட்டது. ஆனால் உரித்த தாளை டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தோம், முள் முள்ளாக நூறு இருக்கும்! மெஸ் வரைக்கும் எடுத்துப் போய்க் காட்டினோம். ஒரு மாதத்தில் மூக்கு பழையபடி. அது அழுக்கே இல்லையாம், எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து வருவது, எடுக்க எடுக்க நிரம்பத்தான் செய்யும். இது தெரியாமல் நாலு தடவை உரித்தேன்.

மாடிவீட்டு ராணி:
ஆவி பிடித்தால் துளை திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்று யாராவது எழுதும் முன் சொல்லிவிடுகிறேன்: திறந்து மூட அங்கே தசை கிடையாது. நான் ஆவி பிடித்து மூக்கு நுனியைச் சுட்டுக்கொண்டவள்.
பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி ஒன்று வாங்கினேன், அதுதான் வினை. யூகேஜி படிக்கும் மகன் எட்டிப் பார்த்து என் மூக்கில் விரலை வைத்து, "இது எறும்புப் புத்தாம்மா?" என்றான். சிரித்தேன், ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்புறம் 2 சதவீத சாலிசிலிக் ஆசிட் வாங்கினேன். எண்ணெயில் கரைவதால் துளைக்குள் இறங்கும். ஆசையில் தினமும் போட்டு முதல் வாரமே தோல் உரிந்தது. இப்போது வாரம் இரண்டு ராத்திரி, பகலில் சன்ஸ்க்ரீன். இரண்டு மாதத்தில் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது, மறையவில்லை. ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) பக்கம் போகிறவர்கள் டாக்டரைக் கேளுங்கள், கர்ப்பமாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

நெல்லைக்காரி:
ஆசிட்டை முகத்தில் பூசுவீங்க, பயத்தமாவு ஆகாதா?

சில்வண்டு:
பயத்தமாவு சண்டைக்கு நான் வரவில்லை. ஆல்பம் வந்தது. அந்தத் தம்பி கோட்டை அழித்துவிட்டான், கூடவே கன்னத்துத் துளை எல்லாவற்றையும். மாமியார் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது யாரு, மாப்பிள்ளை வீட்டுப் பொண்ணா?" என்கிறார்.