'காட்டுமிராண்டி அரசுகள்' வேண்டாம்: 'வழியரசு', 'உடன்பாட்டுக்குடி' ஆகிய சொற்களுக்கான முன்மொழிவு

அன்புடையீர்,

ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் மேலை உரோமப் பேரரசின் மாகாணங்களில் செருமானிய மக்கள் நிறுவிய அரசுகளைக் குறிக்கக் 'காட்டுமிராண்டி அரசுகள்' என்றும் 'நாகரிகமற்றோர் அரசுகள்' என்றும் இரண்டு சொற்கள் இக்கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டுள்ளன. பாடநூல்களில் முதற்சொல் ஏற்கெனவே புழங்குகிறது என்ற வாதத்தையும் படித்தேன். இரண்டையும் ஏற்க இயலாது என்பதே என் கருத்து. அவை வசைச்சொற்கள் என்பது ஒருபுறம் இருக்க, மூலச் சான்றுகளைத் தமிழில் பெயர்க்கும்போது அவை நம்மைக் கைவிட்டுவிடும். அச்செருமானிய மக்களுள் ஒரு பிரிவினரான பர்கண்டியரின் மன்னர் குண்டபாத் பெயரால் வழங்கும் சட்டத்தொகுப்பு, தம் சொந்த மக்களைப் 'பார்பரஸ்' என்றும், மாகாணத்தின் பழைய குடிகளை 'ரோமானஸ்' என்றும் எவ்வித இழிவும் தொனிக்காமல் குறிப்பிடுகிறது. அங்கே 'பார்பரஸ்' என்பதைக் 'காட்டுமிராண்டி' என்று பெயர்த்தால், மன்னர் ஒருவர் தாம் வகுத்த சட்டத்திலேயே தம் குடிகளை வைதார் என்று பொருள்படும். கிரேக்க மூலத்தில் அச்சொல் புரியாத மொழி பேசுவோனையே சுட்டியது. சிலப்பதிகாரம் 'வன்சொல் யவனர்' என்று கூறும்போதும் அதே நோக்குதான் தெரிகிறது. ஆகவே தனிச்சொல்லாக வரும் இடங்களில் 'வேற்றினத்தார்' என்பது போதும்.

அரசுகளின் பெயருக்கு வருவோம். இங்கே முதலில் கருத வேண்டியது, அவை எவ்வாறு தோன்றின என்பதே. 376இல் கோத்தர் என்னும் செருமானிய மக்கள் தன்யூபு ஆற்றைக் கடந்தது பேரரசின் இசைவோடுதான்; அதிகாரிகளின் சுரண்டலால் மூண்ட கலகம் 378இல் அட்ரியானோபிள் போரில் பேரரசர் வேலன்சின் உயிரைக் குடித்தது. 418இல் கோத்தருள் ஒரு பிரிவினரான விசிகோத்தரை அக்குவித்தானியாவில் (இன்றைய தென்மேற்குப் பிரான்சு) குடியமர்த்தியது உரோம அரசே. பின்னாளில் துலூசைத் தலைநகராகக் கொண்ட அரசு அந்தக் குடியமர்விலிருந்து வளர்ந்தது. 443இல் பர்கண்டியரைச் சபாவுதியாவில் (ஆல்ப்சு மலையை ஒட்டிய, இன்றைய பிரான்சு-சுவிட்சர்லாந்து எல்லைப் பகுதி) அமர்த்தியவர் உரோமத் தளபதி ஏத்தியசு. குண்டபாத் அரியணை ஏறுமுன் இத்தாலியில் உரோமப் படைத்தலைவராக இருந்தவர். 473இல் ஒருவரைப் பேரரசராக உயர்த்தும் அளவுக்கு அவருக்குச் செல்வாக்கு இருந்தது. கீழைக் கோத்தரின் மன்னர் தியோடரிக்கு 489இல் இத்தாலிக்குள் நுழைந்தது கீழைப் பேரரசர் சீனோவின் ஒப்புதலுடன். அவருடைய ஆட்சியில் உரோம ஆட்சிமன்றமும் வரித்துறையும் தொடர்ந்து இயங்கின. விசிகோத்த மன்னர் இரண்டாம் அலரிக்கு 506இல் தம் உரோமக் குடிகளுக்காக உரோமச் சட்டத்தின் சுருக்கம் ஒன்றையே வெளியிட்டார். இவற்றை நோக்கும்போது, வெளியிலிருந்து வந்த ஒரு வெள்ளம் பேரரசை அடித்துச் சென்றது என்னும் சித்திரத்தைச் சொல்லின் உள்ளேயே புதைத்து வைப்பது முறையன்று.

எனவே 'வழியரசு' என்னும் சொல்லை முன்மொழிகிறேன். 'வழி' என்பதற்குப் 'பின்' என்ற பொருளும், 'வழித்தோன்றல்' என்பதில் உள்ளதுபோல் மரபுத் தொடர்ச்சி என்ற பொருளும் உண்டு. இவ்விரண்டுமே இங்கே வேண்டும். 'வாரிசு அரசு' என்றால் முறையான உரிமைப்பேறு என்ற கருத்து மேலோங்கும். அந்த உரிமையை இவ்வரசர்கள் அனைவருக்கும் யாரும் வழங்கிவிடவில்லை. 'சிற்றரசு' என்ற பரிந்துரை தொடக்க காலத்துக்கு ஓரளவு பொருந்தினும், மேலைப் பேரரசே மறைந்தபின் யாருக்குச் சிற்றரசு என்ற கேள்வி எழும். இம்மன்னர்கள் நிலத்தின் பெயரால் அல்லாமல் மக்களின் பெயரால், 'வாண்டலருக்கும் அலானியருக்கும் அரசன்' என்பதுபோல், தம்மை அழைத்துக்கொண்டமையால் 'குடி' என்ற சொல்லை உள்ளடக்கலாமே என நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். விருப்பம்தான், ஆயினும் 'குடியரசு' என்பதை வேறொரு ஆட்சிமுறை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது! 'இன அரசு' என்பதும் ஆகாது. கோத்தர், பிராங்கர் என்ற அடையாளங்களே பல குழுக்கள் போரிலும் குடியமர்விலும் கலந்து உருவானவை.

எதிர்ச்சான்றுகளும் உள்ளன என்பதை மறைக்க வேண்டியதில்லை. வாண்டலரின் மன்னர் கெய்சரிக்கு, 435இல் உரோமரோடு செய்துகொண்ட உடன்படிக்கையை மீறி, 439இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேசு நகரைக் கைப்பற்றினார். அது வெளிப்படையான பறிப்பு. ஆயினும் அங்கும் இலத்தீன் மொழியும், நாணயமும், நிலவுடைமை முறைகளும் தொடர்ந்தமையால் 'வழியரசு' பொருந்தவே செய்கிறது. இச்சொல் தொடர்ச்சியைக் குறிக்கிறதே அன்றி, அமைதியான கைமாற்றத்தை அன்று. ஒரு சிறு குறிப்பு: அம்மக்களை 'வண்டலர்' என்று எழுதினால் ஆற்று வண்டல் நினைவுக்கு வருகிறது, நெடிலோடு 'வாண்டலர்' என்றே எழுதுவோம்.

அடுத்து, 'ஃபோதராத்தி', அதாவது உடன்படிக்கை செய்துகொண்டு உரோமப் பேரரசுக்காகப் போரிட்ட வேற்றினத்தார். இதற்குக் 'கூலிப்படை' என்ற பரிந்துரை வந்துள்ளது. பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எனப் படையை அறுவகையாகக் கூறுவார். கூலிப்படை ஊதியத்துக்குப் போரிட்டுவிட்டுப் போய்விடும். கோத்தரோ பெண்டு பிள்ளைகளோடும் வண்டிகளோடும் வந்து, 382ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பேரரசின் எல்லைக்குள்ளேயே நிலம் பெற்று, படைக்கு ஆள் தர இசைந்தவர்கள். 'துணைப்படை' நெருங்கி வந்தாலும், முற்கால உரோமப் படையின் 'ஆக்சிலியா' என்ற பிரிவுக்கு அதனை ஒதுக்கிவைப்பது நன்று. 'ஒப்பந்தக்குடி' என்றால் இன்றைய ஒப்பந்தத் தொழிலாளர் சாயல் ஏறிவிடும். 'ஒப்புக்குடி' என்றால் 'ஒப்புக்கு' என்ற பேச்சுவழக்கு கெடுத்துவிடும். 'உடன்பாட்டுக்குடி' என்பதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. படையை மட்டும் சுட்டும்போது 'உடன்பாட்டுக்குடிப்படை' எனலாம்.

படைவீரருக்கும் குடியமர்த்தப்பட்டோருக்கும் உள்ளூராரிடமிருந்து பங்கு ஒதுக்கும் முறையைக் குறிக்கும் 'ஹாசுபிதாலிதாசு' என்ற இலத்தீன் சொல்லை 'விருந்தோம்பல்' என நேரே பெயர்த்திருப்பதை மட்டும் அருள்கூர்ந்து மாற்றுங்கள். 398ஆம் ஆண்டு உரோமச் சட்டம் வீட்டின் மூன்றில் ஒரு பங்கைப் படைவீரனுக்கு விடச் சொன்னது. பர்கண்டியர் சட்டத்தில் 'விருந்தினர்' நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் அடிமைகளில் மூன்றில் ஒரு பங்கையும் பெற்றார். வள்ளுவர் பாடியது இவ்விருந்தை அன்று. பகிரப்பட்டது நிலமா, வரிவருவாயா என்பதில் 1980இல் வால்டர் கோஃபார்ட்டு வரிவருவாயின் பக்கம் வாதிட்டதிலிருந்து அறிஞரிடையே இன்னும் பூசல் உள்ளது. நம் கலைச்சொல் அப்பூசலுக்குத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஆகவே 'நிலப்பங்கீடு' வேண்டாம், 'குடியமர்வுப் பங்கீடு' என்றிருக்கட்டும்.

எஞ்சுவது பிரித்தானியா. உரோம ஆட்சியமைப்பும், நகர வாழ்வும், நாணயப் புழக்கமும் அறுந்துபோன பின்னர் அங்கே எழுந்த ஆங்கில-சாக்சன் அரசுகளையும் 'வழியரசு' என்ற தலைப்பின்கீழ் அடக்க என் மனம் ஒப்பவில்லை. அவற்றுக்குத் தனிப்பதிவு இடலாமா என்பதில் வரலாற்றுத் துறையினர் தம் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.