வரி 15இலிருந்து 20 ஆனால் குடும்பச் செலவு 5 விழுக்காடு கூடுமா?

கணக்குப்பிள்ளை:
“நுகர்வு வரி 15இலிருந்து 20 ஆனால் ஒவ்வொரு குடும்பத்தின் செலவும் 5 சதவீதம் கூடும். இது பள்ளிக்கூடக் கணக்கு.” நம் இணைய மன்றத்தில் ஓய்வூதியம் பற்றிய விவாத இழையில் வேப்பமரம் நேற்று எழுதியது இது. பலர் பாராட்டியும் விட்டார்கள். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கணக்கேடு எழுதிப் பிழைக்கிறவன் நான். தப்புக் கணக்கைக் கண்டும் காணாமல் போக என்னால் முடியாது.

வரி ஏறுமுன் 100 மதிப்புள்ள பொருளுக்கு 115 கொடுத்தீர்கள். ஏறியபின் 120 கொடுக்கிறீர்கள். கூடியது 5. எதன் மேல் கூடியது? நீங்கள் அதுவரை கொடுத்துவந்த 115இன் மேல். 5ஐ 115ஆல் வகுத்தால் 4.35 விழுக்காடு. ஐந்து இல்லை. வேப்பமரம் தம் பதிவைத் திருத்த வேண்டும்.

வேப்பமரம்:
ஐயா, 100 மதிப்புள்ள பொருளுக்கு முன்பு 15 வரி, இப்போது 20. வித்தியாசம் 5. நூற்றுக்கு ஐந்து என்பதைத்தான் 5 சதவீதம் என்கிறோம். மாதக் கடைசியில் கடன் வாங்கும் குடும்பங்களைப் பற்றி நான் எழுதினேன். அதில் உங்கள் கண்ணில் பட்டது 0.65 மட்டும்தானா? திருத்த மாட்டேன்.

ஓடைக்கரை:
பேசுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளலாமா? ஒரே இடத்தில் வாங்கும் விற்பனை வரியா, ஒவ்வொரு கட்டத்திலும் வாங்கும் மதிப்புக்கூட்டு வரியா? குடும்பச் செலவில் வாடகையும் மருத்துவமும் சேருமா? இவற்றைச் சொல்லாமல் 5 என்பதற்கும் பொருள் இல்லை, 4.35 என்பதற்கும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
எந்த வரியாக இருந்தால் என்ன? 5ஐ 115ஆல் வகுத்தால் எந்த நாட்டிலும் 4.35தான் வரும். வேப்பமரம் சொல்வது சதவீதம் இல்லை, சதவீதப் புள்ளி. விகிதம் 5 புள்ளி ஏறியது. செலவு 4.35 விழுக்காடு ஏறியது. இரண்டையும் குழப்புகிறவர் மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடக் கணக்கு சொல்லித்தரக் கூடாது.

நெய்தல்:
என் வீட்டு வரவு செலவை நான்தான் எழுதுகிறேன். வரி ஏறினால் விலை அன்றே ஏறுகிறது. வரி இறங்கினால் விலைக்குக் கால் வலிக்கிறது. பிரான்சில் 2009 ஜூலையில் உணவகங்களுக்கான வரியை 19.6இலிருந்து 5.5க்குக் குறைத்தார்கள். 14 விழுக்காடு இறங்க வேண்டிய விலை பெயரளவுக்குத்தான் இறங்கியது. மிச்சத்தின் பெரும்பகுதி உணவக உரிமையாளர்கள் கைக்குப் போனது. குடும்பச் செலவைப் பற்றிப் பேசுவதென்றால் இதைப் பேசுங்கள்.

கணக்குப்பிள்ளை:
14 இல்லை அம்மா. முன்பு 119.6, பின்பு 105.5. வித்தியாசம் 14.1. அதை 119.6ஆல் வகுத்தால் 11.8. வேப்பமரத்தின் தப்பு எப்படிப் பரவுகிறது என்பதற்கு இதுவே சாட்சி.

நெய்தல்:
விலை இறங்கவில்லை என்று நான் சொல்கிறேன். நீங்கள் இறங்காத விலை எவ்வளவு இறங்கியிருக்க வேண்டும் என்று திருத்துகிறீர்கள். சரி, 11.8ஆகவே இருக்கட்டும். அந்த 11.8 எங்கே போனது என்று கேட்க உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை?

பழையபேனா:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஒருவர் சதவீதம் என்கிறார், ஒருவர் விழுக்காடு என்கிறார், கணக்குப்பிள்ளை ஒரே பதிவில் இரண்டும் எழுதுகிறார். “சதம்” வடசொல். “விழுக்காடு” என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது “சதவீதம்” எதற்கு?

வேப்பமரம்:
பழையபேனா ஐயா, வரிச்சுமை எந்தச் சொல்லில் வந்தாலும் முதுகு ஒன்றுதான். தமிழைக் காக்க வேறு இழை தொடங்குங்கள்.

பழையபேனா:
தமிழைக் காக்க இழை ஒதுக்கித்தர நீங்கள் யார்? ஓய்வூதிய இழையில் “வருமாணம்” என்று மூன்று இடத்தில் எழுதியவர் நீங்கள். அன்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். இனி விடமாட்டேன்.

தனிவழி:
5, 4.35 இரண்டுமே சராசரிக் கணக்கு. வருமானத்தில் பாதியைச் சேமிக்கிறவரின் வருமானத்தில் பாதிதான் இந்த வரியைச் சந்திக்கிறது. அன்றன்றைக்கு வந்ததை அன்றன்றைக்கே செலவழிக்கிறவருக்கு முழு வருமானமும் சந்திக்கிறது. கையில் 115 மட்டும் உள்ளவரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அவரால் 100 மதிப்புக்கு வாங்க முடிந்தது. வரி 20 ஆனபின் 115ஐ 1.2ஆல் வகுத்தால் 95.83. அவர் வீட்டில் 4.17 விழுக்காடு பொருள் குறைகிறது. அவரால் கூடுதலாகச் செலவழிக்க முடியாது, குறைத்துக்கொள்ளத்தான் முடியும்.

கனடா இந்த வரியை 1991இல் கொண்டுவந்தபோது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் திருப்பித்தரும் ஏற்பாட்டையும் சேர்த்தே வைத்தது. சுமை யார் மேல் விழும் என்று தெரிந்துதான் வைத்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
4.17 என்பது பொருளின் குறைவு. 4.35 என்பது செலவின் கூடுதல். தனிவழி மூன்றாவது எண்ணைக் கொண்டுவந்து இழையைத் திசைதிருப்புகிறார். வேப்பமரம் எழுதியது செலவு. 5ஐ 115ஆல் வகுங்கள்.

வேப்பமரம்:
தசமப் புள்ளிக்காக இவ்வளவு துடிக்கும் கணக்குப்பிள்ளைக்கு ஒரு பழைய கதையை நினைவூட்டுகிறேன். சென்ற ஆண்டு கூட்டுவட்டி இழையில், மாதம் 1 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 12தான் என்று அடம்பிடித்தவர் யார்? 12.68 என்று நான் பெருக்கிக் காட்டியபின் நான்கு நாள் தலைகாட்டாமல் இருந்தவர் யார்? அன்று 0.68 அற்பமாகத் தெரிந்தது. இன்று 0.65 மலையாகத் தெரிகிறது.

கணக்குப்பிள்ளை:
அந்தக் கேள்வி தனிவட்டியைப் பற்றியது. முதல் பதிவிலேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள். நான்கு நாள் வராததற்குக் காரணம் என் வீட்டில் உடல்நலக் குறைவு. அதைக்கூட ஆயுதமாக்குகிறீர்களே!

இப்போது உண்மையான உதாரணம் தருகிறேன். நியூசிலாந்தில் 2010 அக்டோபர் 1 அன்று வரி 12.5இலிருந்து 15 ஆனது. வேப்பமரம் கணக்கின்படி செலவு 2.5 விழுக்காடு கூடியிருக்க வேண்டும். என் கணக்கில் 2.5ஐ 112.5ஆல் வகுத்தால் 2.22. வரி ஏற்றத்துக்கு ஈடாக அந்த அரசு ஓய்வூதியத்தையும் உதவித்தொகைகளையும் அதே நாளில் 2.02 விழுக்காடு உயர்த்தியது. 2.5 இல்லை. ஒரு நாட்டின் கருவூலமே 2.5 என்று கணக்குப் போடவில்லை. வேப்பமரத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

வேப்பமரம்:
சான்று தந்ததற்கு நன்றி. அது 2.02 என்றால் உங்கள் 2.22உம் தப்புதானே! என் பதிவைத் திருத்தச் சொன்னவர் முதலில் தம் பதிவைத் திருத்தட்டும்.

கணக்குப்பிள்ளை:
2.22 என்பது வரி உள்ள பொருள்களுக்கு. வீட்டு வாடகைக்கு அங்கே அந்த வரி இல்லை. ஆகவே மொத்தச் செலவில் பார்த்தால் அதைவிடக் குறையும். ஜப்பானிலும் இப்படித்தான். 2014 ஏப்ரலில் 5இலிருந்து 8 ஆனது. 3ஐ 105ஆல் வகுத்தால் 2.86. ஆனால் விலைக்குறியீட்டில் வரியின் பங்கு ஏறக்குறைய 2 புள்ளி என்றுதான் அந்நாட்டு மத்திய வங்கி மதிப்பிட்டது. வாடகை, மருத்துவம் போன்றவற்றுக்கு அங்கும் அந்த வரி இல்லை. எல்லா உதாரணமும் 5க்கு எதிராகவே நிற்கின்றன.

வேப்பமரம்:
4.35க்கும் எதிராக நிற்கின்றன. “குடும்பச் செலவு” என்று நான் எழுதினேன். அதைத் தப்பு என்று சொல்லி 4.35 என்று நீங்கள் எழுதினீர்கள். இப்போது அது “வரி உள்ள பொருள்களுக்கு மட்டும்” ஆகிவிட்டது. முதல் பதிவில் அந்தச் சொற்கள் எங்கே?

ஓடைக்கரை:
நான் முதலில் கேட்டதே இதைத்தான். இன்னொன்றும் சொல்கிறேன். வாடகைக்கு வரி இல்லை என்பதால் வாடகை ஏறாது என்று எண்ண வேண்டாம். பூஜ்ய விகிதம் வேறு, வரிவிலக்கு வேறு. பூஜ்ய விகிதத்தில், விற்பவர் தாம் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம். வரிவிலக்கில் பெற முடியாது. கூரையைப் பழுதுபார்த்தபோது வீட்டுக்காரர் கட்டிய வரி அவர் தலையிலேயே நிற்கும். அதை அவர் நெடுநாள் சுமக்க மாட்டார், வாடகையில் இறக்கிவைப்பார். ரசீதில் தெரியாத இந்த வரியை இங்கே யாரும் எண்ணவில்லை.

நெய்தல்:
ஓடைக்கரை சொல்வது என் அனுபவத்துக்கு ஒத்துப்போகிறது. போன முறை வரி ஏறியபின் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். காரணம் கேட்டபோது சுண்ணாம்பு, சிமெண்ட், கூலி என்று பட்டியல் வாசித்தார். வாடகைக்கு வரி இல்லையே என்று சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புக்கு எத்தனை விழுக்காடு, கணக்குப்பிள்ளை ஐயா?

கணக்குப்பிள்ளை:
வீட்டுக்காரர் சிரித்ததற்கு நான் பொறுப்பில்லை. இழையின் தலைப்பைப் படியுங்கள். 5 விழுக்காடு கூடுமா என்பதுதான் கேள்வி. கூடாது. 5ஐ 115ஆல் வகுத்தால் 4.35. இதுவரை ஒருவர்கூட இந்த வகுத்தலைத் தப்பு என்று நிறுவவில்லை.

தனிவழி:
வகுத்தலை யாரும் மறுக்கவில்லை ஐயா. எதை எதனால் வகுக்க வேண்டும் என்பதில்தான் சண்டை. என் 4.17க்கும் இன்னும் பதில் வரவில்லை.

பழையபேனா:
“வருமாணம்” இன்னும் திருத்தப்படவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

வேப்பமரம்:
திருத்த மாட்டேன். அதையும் சரி, 5ஐயும் சரி. கணக்குப்பிள்ளை முதலில் 2.02க்குப் பதில் சொல்லட்டும்.

கணக்குப்பிள்ளை:
2.02ஐக் கொண்டுவந்ததே நான்! உங்களுக்குப் பதில் சொல்வதற்காகக் கொண்டுவந்ததற்கு என்னிடமே பதில் கேட்கிறீர்கள். ஓய்வூதிய இழையில் உங்கள் பதிவு அப்படியே இருக்கும்வரை அதன் கீழே தினமும் எழுதுவேன்: 5ஐ 115ஆல் வகுங்கள். இன்றைக்கு எழுதிவிட்டேன்.

வேப்பமரம்:
பார்த்தேன். அதன் கீழே 12.68 என்று எழுதியிருக்கிறேன். நீங்களும் போய்ப் பாருங்கள்.