அனுபவப் பகிர்வு: நம் மாவட்டத்து வீடற்றோர் காப்பகமும் அதன் அறங்காவலர்களும்

வடசேரி, ஓய்வுபெற்ற வங்கிப் பணியாளர்:

நாகர்கோவிலில் வீடற்றோருக்காக நடந்துவரும் சிறிய காப்பகம் ஒன்றைப் பற்றி நம் இணையக் குழும உறுப்பினர்கள் இங்கே அவ்வப்போது எழுதியிருக்கிறார்கள். பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் அங்கே சாப்பாடு கொடுத்தவர்களின் படங்களும் வந்திருக்கின்றன. ஆனால், ஊதியமோ பயணப்படியோ பெறாமல் அந்த இல்லத்துக்குச் சட்டப்படி பொறுப்பேற்று நிற்கும் அறங்காவலர்கள் அந்தப் படங்கள் எதிலும் இல்லை. அவர்களோடு பழகியவர்கள் தம் அனுபவத்தை இங்கே எழுத வேண்டுகிறேன். பெயர்களைத் தவிர்த்துவிடுங்கள், அவர்களின் விருப்பமும் அதுவே.

என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டுத் தணிக்கைக்கு முன்பு அவர்களுடைய பதிவேடுகளைச் சரிபார்க்க நான் உதவி வருகிறேன். பொருளாளர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சமையலறையை ஒட்டிய சிறிய அறையில் அமர்ந்து, நன்கொடையாக வந்த அரிசியைத் தனியாகவும் விலைக்கு வாங்கிய அரிசியைத் தனியாகவும் அவர் எழுதி வைக்கிறார். பெயர் சொல்லாமல் யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போன மட்டிப் பழக்குலைக்கும் அந்த நோட்டில் ஒரு வரி உண்டு. அவருடைய தம்பி கோட்டாறு சந்தையில் அரிசிக்கடை வைத்திருக்கிறார். அங்கே வாங்கினால் விலை குறையுமே என்று செயலாளர் ஒருநாள் கேட்டார். "மூடைக்கு அம்பது ரூவா லாபந்தான் அண்ணாச்சி. ஆனா டிரஸ்டி தம்பி கடைக்கு நன்கொடைப் பணம் போச்சுன்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா, இந்த நோட்டு முழுக்க சந்தேகமாயிரும்" என்றார் அவர். அறக்கட்டளைப் பணத்தால் அறங்காவலரோ அவருடைய உறவினரோ முறையற்ற ஆதாயம் அடைந்தால் அந்தத் தொகைக்கு வருமான வரிவிலக்கு போய்விடும் என்பது சட்டம். நியாயமான விலைக்கு வாங்குவதில் தவறில்லை என்று தணிக்கையாளரே சொல்லியும் அவர் இசையவில்லை.

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி) கிடைக்காது என்பதைப் பணத்தை வாங்கும் முன்பே கொடுப்பவரிடம் சொல்லிவிடுவார். நன்கொடையாளர்களின் விவரங்களை மே 31-க்குள் வருமான வரித்துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். ஆகவே ஏப்ரல் பிறந்ததும் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துப் பான் எண் கேட்பதே அவருக்கு வேலையாகிவிடும். சிலர் எரிச்சலோடு பேசுவதை அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். அதே பணிவோடு அவர் அடுத்த எண்ணை அழைப்பார்.

ஆசாரிப்பள்ளம், செவிலியர்:

நம் மாவட்டத்தில் வீடற்றோராகக் காணப்படுபவர்கள் எல்லாரும் இங்கேயே பிறந்தவர்கள் அல்லர். திப்ருகரிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிவரும் விவேக் விரைவு வண்டியும், கத்ராவிலிருந்து வரும் ஹிம்சாகர் விரைவு வண்டியும் கன்னியாகுமரியில்தான் பயணத்தை முடிக்கின்றன. மனநலம் குன்றிய நிலையில் எங்கோ வண்டியேறியவர், அதற்கப்பால் தண்டவாளம் இல்லாததால் இங்கே இறங்கிவிடுகிறார். மொழியும் தெரியாமல், தம் பெயரையும் சொல்ல இயலாமல் அலைந்து, காலில் புண்ணோடு மருத்துவமனைக்கு வந்து சேர்பவர்களை நான் பணியில் பார்த்திருக்கிறேன்.

அப்படி வந்த ஒருவர் மருந்திடவோ உணவு ஊட்டவோ யாரையும் அருகில் விடவில்லை. உடனிருக்க ஆளில்லாததால் காவல் நிலையத்தின் வழியாகக் காப்பகத்துக்குச் செய்தி போனது. சிறிது நேரத்தில் வந்தவர் அதன் அறங்காவலர்களுள் ஒருவரான முன்னாள் படைவீரர். எடுத்த எடுப்பில் பெயரையோ ஊரையோ அவர் கேட்கவில்லை. கட்டிலுக்கு அருகில் தரையில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துவர்த்தை (துண்டை) வெந்நீரில் நனைத்துப் பிழிந்து நோயாளியின் கையில் கொடுத்தார். நெடுநேரம் கழித்து அந்த மனிதர் அதை வாங்கித் தம் முகத்தைத் தாமே துடைத்துக்கொண்டார். அதன் பிறகு ஹிந்தியில் பேச்சு தொடங்கியது. உங்கள் ஊரில் ஆறு இருக்கிறதா, வாரச் சந்தை எந்தக் கிழமை, வயலில் நெல்லா கோதுமையா, எந்த நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடப்பீர்கள் என்று, ஊர்க்காரர் ஊர்க்காரரிடம் விசாரிப்பது போலவே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். விடைகளில் ஒடியாச் சொற்கள் கலந்திருந்ததைக் கவனித்து, மறுநாள் செங்கல்சூளையில் வேலை பார்க்கும் ஒடிசாத் தொழிலாளி ஒருவரை, அவருடைய முதலாளியிடம் அனுமதி கேட்டு, தம் இருசக்கர வண்டியில் அழைத்து வந்தார். தாய்மொழி காதில் விழுந்ததும் அந்த நோயாளி அழுதார். ஊரின் பெயர் அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகே, மருந்து வேலை செய்யத் தொடங்கியதும், கிடைத்தது.

இதில் சட்டம் சொல்வதையும் எழுதிவிடுகிறேன், பலருக்கும் பயன்படும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 100-ஆவது பிரிவின்படி, மனநோயால் தம்மைக் கவனித்துக்கொள்ள இயலாமல் திரிபவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடவும் வேண்டும். அந்த அறிக்கையின் நகல் கைக்கு வரும்வரை இந்த அறங்காவலர் காவல் நிலையத்தின் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்பதை நான் நன்றாக அறிவேன். எங்கோ ஒரு மாநிலத்தில் ஒரு தாய் கொடுத்திருக்கும் புகாரோடு பொருந்தக்கூடிய ஒரே காகிதம் அதுதான் என்பது அவர் சொல்லும் காரணம்.

குழித்துறை, கல்லூரி ஆசிரியர்:

காணாமல் போன குடும்பத்தின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் சித்தப்பா வீட்டை விட்டுப் போய் நெடுங்காலம் தகவல் இல்லாமல் இருந்தார். அவர் அந்தக் காப்பகத்தில் இருப்பதாக அறிந்து, அப்பாவும் பெரியப்பாவும் நானும் அன்றே அழைத்துவந்துவிடும் எண்ணத்தோடு வண்டி பிடித்துப் போனோம். தலைவராக இருக்கும் அம்மையார் எங்களுக்குச் சாயா கொடுத்து உபசரித்தார். பழைய புகைப்படம், குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் கடிதம் ஆகியவற்றைக் கேட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதன்பின், "நீங்க கொஞ்ச நேரம் திண்ணையில இருங்க, அவங்ககிட்ட நான் தனியாக் கேக்கணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். கூடப்பிறந்த தம்பியை அழைத்துப்போக இன்னொருவர் அனுமதி வேண்டுமா என்று பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

வெளியே வந்த அம்மையார், சித்தப்பாவுக்கு எங்களைப் பார்ப்பதில் மகிழ்ச்சி என்றும், ஆனால் வீட்டுக்கு உடனே வர அஞ்சுகிறார் என்றும் சொன்னார். சொத்துப் பத்திரம் ஒன்றில் கையெழுத்துக் கேட்டு முன்பு நடந்த சண்டையை அவர் மறக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத செய்தி அது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து பார்த்துவிட்டுப் போகும்படியும், அவராக வருகிறேன் என்று சொல்லும் நாளில் அழைத்துப்போகலாம் என்றும் அம்மையார் சொன்னார். அப்படியே செய்தோம். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் அம்மா கட்டிக் கொடுப்பாள். மண்டைக்காட்டுக் கொடைக்கு அழைத்துப்போகிறாயா என்று சித்தப்பாவே என்னிடம் கேட்டபோதுதான் வீட்டுக்கு வந்தார். காப்பகத்தில் ஓர் இடம் காலியாகட்டும் என்று அந்த அம்மையார் முதல் நாளே எங்களோடு அனுப்பியிருந்தால், சித்தப்பா மறுபடியும் வெளியேறியிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மார்த்தாண்டம், கடை நடத்துபவர்:

சுருக்கமாக எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. வெளியில் படுப்பவர்கள் ஆண்டுக்கு இருமுறை நனைகிறார்கள். ஐப்பசியில் ஒருநாள் இரவு கடையைச் சாத்தும்போது, மேம்பாலத்துக்கு அடியில் படுத்திருந்த முதியவரிடம் ஓர் அறங்காவலர் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டேன். முதியவர் வர மறுத்துவிட்டார். வற்புறுத்தாமல் தார்ப்பாயும் காய்ந்த சாரமும் (கைலியும்) கொடுத்துவிட்டு, என்னிடம் தம் எண்ணைத் தந்து, "அவரு கேட்டா மட்டும் கூப்பிடுங்க, எந்நேரமானாலும் பரவாயில்ல" என்றார். அவர் கேட்டார், நானும் அழைத்தேன், வந்தார்கள்.

ஒரு லட்சம் நகர்ப்புற மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2010-இல் வலியுறுத்திய அளவு. 2011 கணக்கெடுப்பில் நாகர்கோவிலின் மக்கள்தொகையே 2,24,849. மேற்கே எங்கள் பக்கமும் ஒன்று வேண்டும் என்று கேட்பதற்கு இந்த இழையை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

தக்கலை, முன்னாள் அறங்காவலர்:

உடல்நலம் கருதி விலகியவன் என்பதால் உள்ளே இருந்த அனுபவத்தை எழுதலாம் என்று நினைக்கிறேன். மேலே சொல்லப்பட்டவை அனைத்தும் உண்மை. சொல்லப்படாத சுமையும் இருக்கிறது. இல்லத்தில் ஒருவர் இறந்தால் மருத்துவச் சான்று, காவல் நிலையக் கடிதம், தகனம் அல்லது அடக்கம், இறப்புப் பதிவு வரை அறங்காவலர்களே முன்னின்று நடத்த வேண்டும். இறந்தவர் எந்தச் சமயத்தவர் என்று தெரிந்திருந்தால் அந்த முறைப்படியே செய்தோம். அதற்காகப் பங்குத் தந்தையிடமும் ஜமாத்திடமும் சமுதாயப் பெரியவர்களிடமும் போய்க் கேட்டோம். ஒருவரும் இல்லை என்று சொன்னதில்லை.

மகன் கைவிட்ட தாய்மார்களுக்காகவும் அலைந்திருக்கிறோம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்கீழ், அவர்களால் இயலாதபோது அவர்கள் அதிகாரமளிக்கும் ஓர் அமைப்பும் மனுச் செய்யலாம். எனினும், மகனை விசாரணைக்கு அழைப்பார்கள் என்று தெரிந்ததும் பெரும்பாலான தாய்மார்கள் மனுவைத் திரும்பப் பெறச் சொல்லிவிடுவார்கள். "அவன் நல்லா இருக்கட்டும் மக்களே" என்று சொல்லும்போது நாங்கள் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிடுவோம். அவர்கள் விருப்பத்தை மீற எங்களுக்கு உரிமையில்லை என்பதே எல்லாருடைய முடிவும்.

என்னை மிகவும் அழுத்திய பொறுப்பு வேறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். 2023-இல் விழுப்புரம் மாவட்டத்தில், பதிவு பெறாமல் நடந்த ஒரு காப்பகத்தின் கொடுமைகள் வெளிவந்தன. நல்ல எண்ணத்தோடு தொடங்கும் இல்லத்திலும், ஆள் பற்றாக்குறையாலும் அசதியாலும், 'இன்றைக்கு மட்டும் வெளியே பூட்டிவிடுவோம்' என்ற பேச்சு பணியாளர்களிடம் எழக்கூடும். ஆகையால் முன்னறிவிப்பின்றி இரவில் போய், அறைக் கதவுகளின் வெளித்தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பதை எங்களுக்குள் முறைவைத்துச் செய்தோம். பிறகு வெளித்தாழ்ப்பாள்களையே கழற்றிவிடத் தீர்மானம் போட்டோம். அந்தத் தீர்மானத்துக்காக இரவுப் பணிக்கு இன்னோர் ஆளை நியமிக்க வேண்டியிருந்தது. அவருடைய சம்பளத்துக்குப் பணம் திரட்டுவதிலேயே அந்த ஆண்டு கழிந்தது. தாழ்ப்பாள் பொருத்திய திருகாணித் துளைகள் இன்றும் அந்தக் கதவுகளில் இருக்கின்றன, பார்க்க விரும்புபவர்கள் போய்ப் பார்க்கலாம்.

இப்போது அறங்காவலர் குழுவில் இரண்டு இடங்கள் காலியாக உள்ளன. இருப்பவர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் அறுபதைக் கடந்தவர்கள். பணம் கொடுக்க முன்வருபவர்கள் பலர் இருக்கிறார்கள். பெயரைக் கொடுக்க வருபவர்கள் மிகவும் குறைவு. இணையவழிப் படிவங்களைத் தாக்கல் செய்யத் தெரிந்த ஒருவரும், வங்காளமோ ஒடியாவோ பேசக்கூடிய ஒருவரும் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும். சேர நினைப்பவர்கள் முதலில் மாதக் கூட்டத்தில் பார்வையாளராக வந்து அமரலாம். வரவுசெலவுக் கணக்கு உரக்க வாசிக்கப்படும். கேள்வி கேட்கப் பார்வையாளருக்கும் உரிமை உண்டு.